மாடியில் நடந்த நிக்காஹ் ஒத்திகை

எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நாற்பது வயது முடிந்திருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு பேர் கிடைத்த சந்தோஷத்தில், கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. காரணம், நான் ஜாக்கெட் தைக்கிறவள். "சொன்ன தேதிக்கு வேலை முடியாது, ஒண்ணு பாதியில இருக்கும்போதே இன்னொண்ண எடுத்துடுவேன், வச்ச எடம் மறந்துடும், அதுக்குத்தான் இந்தப் பேரு" என்று நான் விளக்கி முடித்ததும், இன்னும் கை வைக்காமல் கிடந்த தன் ஜாக்கெட்டைப் பார்த்தபடி ஒரு வாத்தியாரம்மா கேட்டார்: "ஏம்மா, அப்படிப் பாத்தா பாண்டியில இருக்கிற டெய்லர் அத்தனை பேருக்கும் இது இருக்குதே?"

வீட்டில் அதைவிட மோசம். அரியாங்குப்பத்தில் நானும் அம்மாவும்தான். "ஆரம்ப சூரத்தனம்னு நம்ம பாஷையிலயே பேரு இருக்குதே. அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வாங்கறதுக்கா டாக்டர் கிட்ட போன?" என்றாள் அம்மா. எனக்கு வந்ததே கோபம்! அவளிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வாசலுக்கு வந்தவள், அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, அன்றைக்கும் அம்மா சொன்னதே சரி என்று ஆகிவிட்டது.

டாக்டர் மாத்திரையோடு ஓர் இடத்தையும் சொல்லியிருந்தார். டவுனில் பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு ஒன்றின் மாடி. அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என்னைப் போன்றவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் கூடுவார்களாம். ஏதோ வைத்தியம் செய்வார்கள், வட்டமாக உட்கார வைத்து அழச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. ஆளாளுக்கு முடியாமல் கிடக்கிற தன் வேலையை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தார்கள். ஒருவர் மாசக்கணக்கில் மடிக்காத துணியை மூட்டையாகக் கட்டி வந்து மடித்துக்கொண்டிருந்தார். பேச்சே இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் என் கை தானாக வேலை செய்கிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். ஒரே சாயங்காலத்தில் மூன்று ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்தேன். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாடியின் சொந்தக்காரர் ஒரு மதாம். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனக்கு ஆட்டிசம் என்று அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டார். "அறுபது வருஷமா என்னை எல்லாரும் திமிர் புடிச்சவள்னாங்க. போன், இப்ப வேற பேரு" என்பார். 'போன்' என்றால் 'சரி'. அவர் அதைச் சொல்கிற தோரணையில் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். மாடியில் அவர் வைத்ததுதான் சட்டம். டியூப்லைட் கூடாது. 'ஏன் உம்முனு இருக்கீங்க' என்று யாரையும் கேட்கக்கூடாது. சிரிப்பு வராதவர்கள் சிரிக்க வேண்டாம். நாலரைக்கு டீ. மழையோ புயலோ, யார் என்ன வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நாலரைக்கு டீ. கீழே இருக்கும் கடைக்காரர் தூக்கில் ஊற்றி வைத்திருப்பார்.

அந்த மாடியில்தான் நிக்காஹ் ஒத்திகை நடந்தது. இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும்.

முதலாமவர் குருசுக்குப்பத்து ஆட்டோக்காரர். அவருக்கும் எனக்கிருப்பதேதான், ஆனால் பெட்ரோல் ஊற்றி எரிந்தது. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் சவாரி ஏற்றியவர், வழியில் சிநேகிதனைப் பார்த்துப் பேசிவிட்டு, நேராகத் தன் வீட்டுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் இருந்து, "ஏம்பா, இதுவா கலெக்டர் ஆபீசு?" என்று குரல் வந்த பிறகுதான் ஆள் ஞாபகம் வந்ததாம். அந்த ஆளுக்கு வீட்டில் மீன்குழம்பு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாமவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தைந்து வயது இருக்கும். டவுனில் தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம் குடும்பம். வியாபாரத்தில் இவரை உட்கார வைத்தார்கள். "இந்தச் சரக்கு நல்லதா?" என்று கேட்டவரிடம், "இல்லை, நாலாவது கடையில இருக்கிறது இதைவிட நல்லது" என்று சொன்னதோடு அந்த உத்தியோகம் முடிந்தது. இப்போது சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரியில் பாட்டில் மூடிகளைப் பார்த்து, கோணலானதைப் பொறுக்கி எடுக்கிற வேலை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிம்மதியாகச் செய்கிறார். ஆட்டிசம் உள்ளவர். சத்தம் ஆகாது, அத்தர் வாசனை ஆகாது, லேசாகத் தொட்டால் உடம்பெல்லாம் கூசும். பொய் சொல்லத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்தார். கையில் வேலை எதுவும் இல்லை. மதாம் சட்டப்படி நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"என் தங்கச்சிக்கு நிக்காஹ். அத்தா இல்ல. அண்ணன் நான்தான் மாப்பிள்ளை கையப் புடிச்சு, 'நிக்காஹ் செய்து கொடுத்தேன்'னு சொல்லணும். சாச்சா வேணாங்கறாரு. என்னைச் சபையில உக்கார வச்சா மானம் போயிடும்னு சொல்றாரு. எனக்குச் சொல்லணும்."

சாச்சா என்றால் அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. கெட்டவர் இல்லை. அண்ணன் போனபின் இந்தக் குடும்பத்தைத் தாங்கியவர். ஆனால் சபை என்றால் அவருக்கு உயிர். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதை அந்த நாலு பேருக்கு முன்பே நினைத்து முடித்துவிடுவார். அவர் பயத்துக்குக் காரணமும் இருந்தது. முன்பு ஒரு விருந்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரிய மனிதர் ஒருவரிடம் தம்பி, "உங்க அத்தர் வாசனைக்கு எனக்கு வாந்தி வருது. தயவுசெஞ்சு தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். 'தயவுசெஞ்சு' போட்டேனே என்பது தம்பி கட்சி. அதிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவரைப் பந்தி நடக்கும் இடத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள். சபைக்குள் ஒரு நிக்காஹ்வைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை. வீடியோவில் பார்க்கலாம் என்றால், கல்யாண வீடியோக்களில் பின்னால் ஓடும் பாட்டு அவருக்கு ஆகாது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது.

"தங்கச்சி என்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

"அண்ணன் சொன்னாத்தான் நிக்காஹ்னு சொல்லுது."

"அப்புறம் என்னாய்யா? நாம ஒத்திகை பாத்துடுவோம்" என்று எழுந்துவிட்டேன். ஆரம்ப சூரத்தனம் என்று அம்மா சொன்னது இதைத்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு நிஜமாகவே நெஞ்சு பொறுக்கவில்லை. கூடப் பிறந்தவளுக்குக் கல்யாணம் செய்து கொடுக்க ஒரு மனுஷன் அடுத்தவரிடம் அனுமதி கேட்டு நிற்பதா?

அடுத்த வாரமே ஆரம்பித்தோம். ஹஜ்ரத், அதாவது நிக்காஹ்வை நடத்தி வைக்கிறவர், மதாம். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், முக்காடு போட்டுக்கொண்டு சம்மணம் கூட்டி உட்கார்ந்தார். மாப்பிள்ளை, குருசுக்குப்பத்துக்காரர். தலையில் என் கடை லைனிங் துணியால் தலைப்பாகை. எனக்கு மூன்று வேஷம்: மைக் கீச்சிடும் சத்தம், வீடியோக்காரன் லைட், கட்டிப்பிடிக்க வரும் உறவுக்காரர். மைக் சத்தத்தை நான் அவ்வளவு நன்றாகச் செய்தேன், தெரு நாய்கள் பதில் சொல்லின.

தம்பி சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். "என் தங்கையை, பேசிய மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்." மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. வாக்கியம் அவருக்கு முதல் நாளே மனப்பாடம். கைதான் பிரச்சினை. குருசுக்குப்பத்துக்காரர் மரியாதையாக, பூப்போல அவர் கையைப் பிடித்தார். தம்பி மின்சாரம் பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"லேசாப் புடிச்சா எனக்குக் கூசும். இறுக்கிப் புடிங்க."

"இறுக்கிப் புடிச்சா வலிக்காது?"

"வலிக்கும். ஆனா கூசாது."

அப்புறம் குருசுக்குப்பத்துக்காரர் ஆட்டோவைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற பிடியாகப் பிடித்தார். தம்பி முகம் தெளிந்தது. வாக்கியம் கணீரென்று வந்தது. நானும் குருசுக்குப்பத்துக்காரரும் கைதட்டினோம். கைதட்டல் அவருக்கு ஆகாது என்று மதாம் முறைத்ததும் நிறுத்தினோம்.

"இதுக்கு அப்புறம் நான் என்ன செய்யணும்?" என்று தம்பி கேட்டார்.

"இதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல தம்பி. உங்க வேலை முடிஞ்சுது. டீ குடிக்கலாம்" என்றேன் நான். மணி நாலரை. மதாம், "போன்" என்று முக்காட்டை எடுத்தார். குருசுக்குப்பத்துக்காரர் தலைப்பாகையோடு தூக்கை எடுக்க ஓடினார். தம்பிதான் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுப்பார், முதல் கிளாஸ் மாப்பிள்ளைக்கு.

இப்படியே ஞாயிறுதோறும் நடந்தது. நான் தாமதமாக வருவேன், குருசுக்குப்பத்துக்காரர் அதைவிடத் தாமதமாக வருவார், ஆரம்பிக்கும்போதே நாலேகால் ஆகிவிடும். அந்த வாக்கியம் வரும், டீ வரும். வாக்கியத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை 'ஏற்றுக்கொண்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு துஆ, அதாவது பிரார்த்தனை, இருக்கிறது, அதுவரை யாரும் எழுந்திருக்கக்கூடாது என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையாக உட்கார்ந்தவர் தன் வரியை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கும் அவருக்கும் எதையும் கடைசிவரை கொண்டுபோகத் தெரியாது. மதாமுக்கு டீ நேரத்தைத் தள்ளிவைக்கத் தெரியாது. எங்கள் மூன்று பேரிடமும் மாட்டியவர், சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்!

ஒரு நாள் ஒத்திகையின் நடுவில் சாச்சாவே படியேறி வந்துவிட்டார், கூடவே தங்கச்சி. முக்காடு போட்ட மதாம், லைனிங் துணித் தலைப்பாகை, வாயால் கீச்சிட்டுக்கொண்டிருந்த நான். சாச்சா வாசலிலேயே நின்று, "அஸ்தஃபிருல்லாஹ்" என்று அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டார். தங்கச்சி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வாங்க பாய், உக்காருங்க" என்றேன்.

"உக்கார வரலம்மா. இவனை எனக்குப் பிடிக்காம சொல்லல. நூறு பேர் கூடின சபை. புள்ள அங்க திகைச்சு நின்னா, காலம் பூரா அதையே சொல்லிச் சிரிப்பாங்க. அது இவனுக்குத்தான் அசிங்கம்."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. பல்லு இருக்கிறவன் சிரிக்கிறான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு ஊசி இருந்தது. கடைசியில் தங்கச்சி பிடித்த பிடிவாதத்துக்கு அவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. "சரி, இவனே உக்காரட்டும். ஆனா சபையில ஒரே ஒரு சங்கடம் வந்தாலும் அந்த எடத்துலயே நான் உக்காந்துடுவேன். அப்ப யாரும் குறுக்கப் பேசக்கூடாது." தம்பி தலையாட்டினார். அவர் தலையாட்டினால் அது பத்திரப் பதிவு மாதிரி. சாச்சா மீதி ஒத்திகையைப் பார்க்காமலே இறங்கிப் போனார். பார்த்திருந்தால் அன்றைக்கே எங்கள் குட்டு உடைந்திருக்கும்.

தம்பிக்கு ஜிப்பா தைத்துக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. கழுத்தில் லேபிள் கூடாது, காலர் கூடாது, உள்ளே தையல் மடிப்பு உடம்பில் உரசக்கூடாது. பழைய வேட்டி மாதிரி மெத்தென்று ஆகிறவரை துணியைத் துவைத்து, மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி வைத்து, அதன் மேல் பட்டி கொடுத்துத் தைத்தேன். தைத்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். நடுவில் அதை எத்தனை தடவை ஓரம் கட்டினேன் என்பது கடை ஈக்களுக்குத் தெரியும். கடைசியில் தம்பியே ஃபேக்டரி விட்டு நேராகக் கடைக்கு வந்து எதிரில் உட்கார ஆரம்பித்தார். "நான் பேச மாட்டேன். சும்மா உக்காந்திருக்கேன்." நான் செல்போனைத் தொட்டால் மட்டும், "அக்கா, செல்லு" என்பார். ஜிப்பா முடிந்தது. பித்தான் மட்டும் பாக்கி. அதை நிக்காஹ் அன்று ஆட்டோவில் போகும்போதுதான் தைத்தேன். குருசுக்குப்பத்துக்காரர் மண்டபத்துக்குப் பதிலாகப் பழக்க தோஷத்தில் பீச் ரோட்டுக்கு விட்டதால் நேரம் கிடைத்தது.

மண்டபத்தில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவில் ஒரு திரை. நானும் மதாமும் பெண்கள் பக்கம், மணப்பெண்ணுக்குப் பக்கத்தில். திரை இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. வாழ்க்கையில் எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்ததில்லை.

முதலில் பெண்ணிடம் சம்மதம் கேட்க, சாட்சிகள் இரண்டு பேரோடு தம்பி திரைக்கு அருகில் வந்தார். தொப்பி, என் ஜிப்பா, காதில் பஞ்சு. வழக்கமாக, 'சம்மதமா' என்று கேட்பார்கள், பெண் தலைகுனிந்து தலையாட்டுவாள், முடிந்தது. தம்பி நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"உனக்குச் சம்மதமா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வேணாம்னா இப்பக்கூட வேணாம்னு சொல்லலாம். பிரியாணி வீணாப் போகும். பரவாயில்ல."

சாட்சிகள் திருதிருவென்று முழித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சாச்சாவின் இருமல் கேட்டது. தங்கச்சி சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்தாள். "சம்மதம்ண்ணே" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அப்புறம் அவர் சபைக்குப் போய் மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்தார். மைக் நான் கீச்சிட்டதைவிடக் கொஞ்சம் கம்மியாகத்தான் கீச்சிட்டது. வீடியோ லைட் முகத்தில் அடித்தது. அவர் அசையவில்லை. ஹஜ்ரத் ஓதி முடித்தார். கையைப் பிடிக்கிற நேரம். மாப்பிள்ளைப் பையன் மச்சானுக்கு மரியாதை காட்ட வேண்டுமே, கையை நீட்டிப் பூப்போலத் தொட்டான். தம்பி தோள் துள்ளியது. 'போச்சு' என்று நான் மதாமின் கையைப் பிடித்தேன். அவருக்கும் தொட்டால் ஆகாது, தட்டிவிட்டார்.

மைக்கில் தம்பியின் குரல் வந்தது. "மாப்பிள்ளை, கைய இறுக்கிப் புடிங்க. லேசாப் புடிச்சா சரியா வராது."

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "மாஷா அல்லாஹ்! என்னா வார்த்தை! கல்யாணத்துக்கே இதுதாம்பா புத்திமதி" என்றார். சபை முழுக்க, "ஆமா, ஆமா" என்றது. சாச்சாவின் முகத்தில் குழப்பத்தோடு ஒரு பெருமை படர்ந்ததை நான் பார்த்தேன். மாப்பிள்ளை இறுக்கிப் பிடித்தான். தம்பி அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை. "என் தங்கையை, பேசிய மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

சொல்லி முடித்தார். கையை விட்டார். எழுந்தார். சபைக்கு நடுவாக நடந்து வெளியே போய்விட்டார்.

ஹஜ்ரத் வாயைத் திறந்தபடி இருந்தார். மாப்பிள்ளையின் கை, யாரோ கொடுக்கப்போகிற எதற்கோ காத்திருப்பது போல அந்தரத்தில் நின்றது. "எங்க போறாரு? கோவமா? மஹர்ல ஏதும் குறையா?" என்று ஆளுக்கொன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் சட்டென்று விளங்கியது. மதாமைப் பார்த்தேன். மதாம் என்னைப் பார்த்தார்.

"டீ" என்றார் மதாம்.

"அய்யய்யோ!"

என் பக்கத்தில் ஓர் அம்மா, "பாவம், புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்று உச்சுக் கொட்டினார். "பாவமும் இல்ல ஒண்ணும் இல்ல! எங்க மூணு பேருக்கும்தான் ஒண்ணும் தெரியாது. நாங்க சொல்லிக் குடுத்ததை அவரு அப்படியே செஞ்சிருக்காரு" என்று சீறினேன். அந்த அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

அதற்குள் சாச்சா தம்பியின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். பயந்தது நடந்துவிட்ட மனிதரின் முகம். "மன்னிச்சுக்கணும் ஹஜ்ரத். புள்ளைக்கு உடம்பு கொஞ்சம் அப்படி. நான் சொல்றேன், நீங்க நடத்துங்க" என்று மாப்பிள்ளையின் கையை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஹஜ்ரத்!"

திரைக்கு இந்தப் பக்கமிருந்து, மணப்பெண்ணின் குரல். கல்யாணப் பெண் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று நினைக்கிற சபை அது.

"நான் சம்மதம் குடுத்தது எங்க அண்ணன் கிட்ட. அண்ணன் டீ குடிக்கப் போயிருக்கும். குடிச்சிட்டு வரட்டும். நான் காத்திருக்கேன்."

சாச்சாவின் கை பாதியில் நின்றது. அங்கே இப்போது இரண்டு கைகள் அந்தரத்தில். ஹஜ்ரத் தாடியைத் தடவினார். வயதானவர், எத்தனையோ கல்யாணம் பார்த்தவர். "பொண்ணு சொல்றது நியாயம்தான். அண்ணன் இருக்கும்போது அவர்தான் சொல்லணும். நடுவுல இடைவெளி விழுந்ததால முதல்லேர்ந்து சொல்லிக்கலாம்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "டீ இருக்கா?" என்றார்.

இருந்தது. சமையல் பக்கம் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே தம்பி சுவரைப் பார்த்து நின்று ஒரு கிளாஸ் குடித்துக்கொண்டிருந்ததாகவும், தான் ஓடிப்போய்ப் பதறியதாகவும் குருசுக்குப்பத்துக்காரர் பிறகு சொன்னார். "தம்பி, இன்னும் முடியலியே!" என்றாராம். தம்பி, "இதுக்கு அப்புறம் டீதான்னு அக்கா சொன்னாங்க. அந்த வாக்கியம் வரைக்கும் தாங்கிட்டாப் போதும்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். அதுக்கு மேல எனக்கு மிச்சம் இல்ல" என்றாராம். அப்புறம் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, "எவ்ளோ பாக்கி?" என்று கேட்டாராம். "நீங்களேதான் முதல்லேர்ந்து சொல்லணும்னு ஹஜ்ரத் சொல்லிட்டாரு. அதுக்கு மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லணும், அப்புறம் துஆ." "சரி. வாங்க."

தம்பி திரும்பி வந்ததை நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒரு கையில் டீ கிளாஸ். நேராக மாப்பிள்ளையிடம் போனார். பாவம், அந்தப் பையன் இன்னும் கையை இறக்காமல் இருந்தான். அந்தக் கையில் கிளாஸை வைத்தார். முதல் கிளாஸ் மாப்பிள்ளைக்கு, மாடியில் அதுதானே வழக்கம். அப்புறம் திரும்பிப் பார்த்தார்.

"சாச்சா, அது என் எடம்."

கோபமாகச் சொல்லவில்லை. 'உங்க சட்டையில நூல் பிரிஞ்சிருக்கு' என்று சொல்கிற குரல். சாச்சா ஹஜ்ரத்தைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். சபை டீ குடித்துக்கொண்டிருந்தது. நூறு பேர் வாயிலும் டீ இருந்ததால் சிரிக்க ஆளில்லை. சாச்சா எழுந்தார். எழுந்ததோடு, போகிறபோது தம்பி உட்காருகிற திண்டை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டும் போனார். அதற்காக அவரை நான் பாதி மன்னித்துவிட்டேன்.

தம்பி உட்கார்ந்தார். மாப்பிள்ளை கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இறுக்கிப் பிடித்தான். வாக்கியம் மறுபடி வந்தது. "ஏற்றுக்கொண்டேன்" என்றான் மாப்பிள்ளை. நாங்கள் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் சொல்ல மறந்த அந்த ஒரு வார்த்தை. தம்பி மைக்கிலேயே ஹஜ்ரத்திடம் கேட்டார்: "இதுக்கு அப்புறம் என்ன?"

"துஆ. அப்புறம் பிரியாணி."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்பா" என்றார் ஹஜ்ரத். அவர் கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

துஆ ஓதினார்கள். தம்பி கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பிரியாணி நன்றாக இருந்தது. மதாம் கரண்டியால் முந்திரியை ஒதுக்கி வைத்துச் சாப்பிட்டு, "போன்" என்றார். குருசுக்குப்பத்துக்காரர் மூன்று பந்தியிலும் தெரிந்தவர்களைப் பார்த்து உட்கார்ந்து, தான் சாப்பிட்டோமா இல்லையா என்பதை மறந்து மறுபடியும் சாப்பிட்டார்.

எல்லாம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற நேரம் வந்தது. வாசலில் கார் நின்றது. அவள் பெற்ற உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சாச்சாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாச்சா அவளைவிட அதிகமாக அழுதார். பிறகு அண்ணனிடம் வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, மருதாணி விரல்கள் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் விட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

கார் திரும்பி மறைந்தது. தம்பி அங்கேயே நின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டி, லேபிள் இல்லாத ஜிப்பாவின் முன்பக்கம் நனைந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இதுக்கு நாம ஒத்திகை பாக்கலியே."

நானும் மதாமும் குருசுக்குப்பத்துக்காரரும் அவர் பக்கத்தில், தொடாமல், சும்மா நின்றோம்.